புல்லட் 350 வெளிச் சைலன்சர்கள்: வயிற்றுக்குள் என்ன இருக்கிறது?

சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ராயல் என்ஃபீல்டு 350-க்கு என்று தொங்கும் சைலன்சர்களுக்குப் பெயருக்குப் பஞ்சமில்லை. ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்டுஸ்டார், டால்பின், பஞ்சாப் என்று ஒரு பட்டியலே உண்டு. எல்லாம் வெளித்தோற்றத்துக்கு வைத்த பெயர்கள். அதே பெயரில் இரண்டு கடைகளில் வாங்கி அறுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு விதமாக இருக்கும். அதனால் இந்த மதிப்பீட்டில் பெயருக்கு மதிப்பெண் இல்லை, உள்ளமைப்புக்குத்தான். கணக்குக்கு எடுத்துக்கொண்டது எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த பழைய 346 சி.சி. யூ.சி.இ. எஞ்சின்: போர் (சிலிண்டர் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் நீளம்) 90 மி.மீ., 5,250 ஆர்.பி.எம்.மில் 19.8 குதிரைத்திறன். 2020-இல் மீட்டியார் பைக்கோடு வந்த 349 சி.சி. ஜே வரிசை எஞ்சினுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரிய உடம்பும் உள்ளே கண்ணாடிப் பஞ்சும் உள்ள நேர்க்குழாய் வகை, சமமில்லாத இரண்டு அறைகள் கொண்ட வகை, இரண்டும் கொடுக்கும் காசுக்குத் தகும். வெற்றுக் குழாய் வகை குப்பை. நுனியில் அடைப்பான் செருகிய சின்னப் பாட்டில் அதைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். தினமும் ஊருக்குள் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சைலன்சரைக் கழற்றுவதற்கு அழகைத் தவிர நல்ல காரணம் எதுவும் இல்லை.

புல்லட் வாங்குகிறவர் விரும்புவது அந்த டுபுடுபுவை. அது எங்கிருந்து வருகிறது? ஒற்றை சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆர்.பி.எம்.மை 120-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை வெடிப்பு என்று கிடைக்கும். 3,000-இல் 25, உச்ச சக்தி கிடைக்கும் 5,250-இல் சுமார் 44. இந்த 25 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளான 50, 75, 100 ஹெர்ட்ஸும் சேர்ந்ததுதான் நெஞ்சில் இடிக்கும் அந்தத் துடிப்பு. பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்வதும், போக்குவரத்துக் காவலர் கை நீட்டுவதும் இதனால் அல்ல. 500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள கரகரப்பும் படபடப்பும்தான் அதற்குக் காரணம்.

டெசிபல் மீட்டரும் அப்படித்தான் கேட்கிறது. சட்டம் பயன்படுத்தும் ஏ எடையிடல் மனிதக் காதைப் போலக் கீழ்ச்சுருதியைக் குறைத்துக் கணக்கிடும். 1,000 ஹெர்ட்ஸில் கழிவு எதுவும் இல்லை, 250-இல் 8.6 டெசிபல், 125-இல் 16, 63-இல் 26, 25 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 45 டெசிபல் கழிந்துவிடும். ஆக, துடிப்பை வெளியே விட்டுக் கரகரப்பை மட்டும் விழுங்கும் சைலன்சர் மீட்டரில் சாதுவாகவே நிற்கும். கடையில் விற்பதில் பாதிக்கு மேல் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

அளவு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றால் கொள்ளளவிலிருந்து. எஞ்சின் கொள்ளளவைப்போல் குறைந்தது 10 மடங்கு சைலன்சர் வயிறு இருக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கில் உள்ள ஒரு கணக்கு. 346 சி.சி.க்கு அது மூன்றரை லிட்டர். 100 மி.மீ. விட்டம், 500 மி.மீ. நீளமுள்ள உடம்பு சுமார் 3.9 லிட்டர் வரும், பாஸ். 75 மி.மீ. விட்டம், 400 மி.மீ. நீளமுள்ள ஷார்ட் பாட்டில் 1.8 லிட்டரைத் தொடுவதே கஷ்டம். எஞ்சினைப்போல் 5 மடங்கு. அதற்குள் எந்த மாயம் செய்தாலும் பலன் பாதிதான். ஷார்ட் பாட்டில் பார்க்க லட்சணமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த லட்சணத்துக்கு விலை சத்தம்.

கொள்ளளவு ஏன் இவ்வளவு முக்கியம்? வயிறும் வால்குழாயும் சேர்ந்து ஒரு சல்லடையாக வேலை செய்கின்றன. வயிற்றில் உள்ள வாயு ஸ்பிரிங், வால்குழாயில் உள்ள வாயு எடை. ஸ்பிரிங் பெரிதாகவும் தளர்வாகவும், எடை நீளமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் சல்லடையின் எல்லை கீழே இறங்கும். சைலன்சருக்குள் சுமார் 300 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் ஒலியின் வேகம் நொடிக்கு 480 மீட்டர். 4 லிட்டர் வயிறு, 25 மி.மீ. உள்விட்டத்தில் 200 மி.மீ. நீளமுள்ள வால்குழாய்: எல்லை 58 ஹெர்ட்ஸ். 1.8 லிட்டர் வயிறு, 32 மி.மீ. விட்டத்தில் 100 மி.மீ. நீளமுள்ள குட்டி வால்குழாய்: எல்லை 150 ஹெர்ட்ஸுக்குப் பக்கம். முதலாவதில் அடிப்படைத் துடிப்பு தடையில்லாமல் போகும், அதற்கு மேலுள்ளவை வேகமாகத் தேயும். இரண்டாவதில் கரகரப்பின் அடிவாரம் முழுவதும் தப்பித்து வெளியே வந்துவிடும். வால்குழாயைப் பார்வைக்காக அறுத்துக் குட்டையாக்குகிறவர்கள் இந்த எல்லையைத் தாங்களே மேலே தூக்கிவிடுகிறார்கள்.

இனி வகைகளுக்கு வருவோம்.

வெற்றுக் குழாய் வகை. பின்னாலிருந்து டார்ச் அடித்தால், எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைகுழாயான பெண்ட் பைப்பின் வாய் நேராகத் தெரியும். சுற்றிலும் துளையும் இருக்காது, பஞ்சும் இருக்காது. சிலவற்றில் பார்வைக்கு நாலைந்து துளைகள் போட்டு வெற்றுக் கூட்டுக்குள் விட்டிருப்பார்கள். ஒலி ஆய்வில் இதற்குச் சொல்ல எதுவுமே இல்லை. ஒரு நீளக் குழாய், அவ்வளவே. போதாததற்கு மெல்லிய தகட்டுக் கூடு தானே தகர டப்பாபோல் அதிர்ந்து புதுச் சத்தத்தைச் சேர்க்கும். ஓட்டுகிறவருக்கு 'பீட்' நன்றாக இருப்பதுபோல் தோன்றும், ஏனென்றால் எல்லாமே கூடிவிட்டது. இதற்கு மதிப்பெண் இல்லை.

அடைப்பான் வகை. இதுவும் வெற்றுக் குழாய்தான்; வால் நுனியில் ஒரு குட்டிக் குழாயைச் செருகி ஒரு போல்ட்டில் நிறுத்தியிருப்பார்கள். கடைக்காரர் 'டிபி கில்லர்' என்பார். 38 மி.மீ. குழாயின் வாய்ப்பரப்பு 1,134 சதுர மி.மீ. 20 மி.மீ. அடைப்பானின் வாய் 314. கால்வாசிக்குச் சற்று மேலான வழியில் வாயு நெருக்கியடித்துப் போக வேண்டும். சத்தம் குறைவது உண்மை. கூடவே மேல் வேகத்தில் மூச்சுத் திணறலும் உண்மை. 4,000 தாண்டியதும் வண்டி சோம்பும். அந்த ஒற்றை போல்ட் சூட்டிலும் அதிர்விலும் தளர்வதுதான் அடுத்த தொல்லை. தளர்ந்தால் முதலில் கிணிகிணிக்கும், பிறகு அடைப்பான் நடுரோட்டில் கிடக்கும். இதை வாங்கியே ஆக வேண்டும் என்றால் அந்த போல்ட்டுக்கு முழு உலோக லாக் நட் போடச் சொல்லுங்கள். நைலான் வளையம் வைத்த லாக் நட் சைலன்சர் சூட்டில் உருகிவிடும், அது வேண்டாம்.

பஞ்சு வைத்த நேர்க்குழாய் வகை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்லதும் போலியும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். அமைப்பு எளிது: நடுவே துளையிட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் கூடு. கீழ்ச்சுருதிக்குப் பஞ்சு ஒரு தடையே இல்லை, 500 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக விழுங்கும். டுபுடுபு வேண்டும், கரகரப்பு வேண்டாம் என்பவருக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது.

ஆனால் துளைகளின் பரப்பு குழாய்ச் சுவரில் 20 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குத் துளை போட்டுவிட்டுப் பஞ்சைச் சுற்றினால் ஒலி பஞ்சை எட்டவே எட்டாது. துளையின் பிசிறு உள்பக்கம் நீட்டியிருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் விசில் அடிக்கும்; விரலை உள்ளே விட்டுத் தடவினாலே தெரியும். பஞ்சின் அளவு லிட்டருக்கு 100 முதல் 120 கிராம். 98 மி.மீ. உள்விட்டக் கூடு, 41 மி.மீ. வெளிவிட்டக் குழாய், 400 மி.மீ. நீளம் என்றால் இடைவெளி இரண்டரை லிட்டர். 250 முதல் 300 கிராம் பஞ்சு பிடிக்க வேண்டும். மலிவானவற்றில் ஒரு சுற்று மட்டும் சுற்றி மூடியிருப்பார்கள். குலுக்கினால் எதுவும் அசையாது என்பதால் ஏமாறுவது சுலபம்.

இந்த வகையின் பலவீனம் ஆயுள். ஒவ்வொரு வெடிப்பும் துளை வழியாகப் பஞ்சைத் தட்டித் தட்டி இழை இழையாக வெளியே ஊதும். அதனால் புதிதில் சாதுவாக இருந்தது மாதம் போகப் போகச் சத்தம் கூட்டும். மெல்ல மெல்லக் கூடுவதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியும். குழாயை ஒட்டி முதலில் ஒரு சுற்று எஸ்.எஸ். கம்பி வலை, அதன் மேல் பஞ்சு என்று செய்திருந்தால் நெடுநாள் நிற்கும். பின்மூடி ரிவெட்டில் இருக்கிறதா, வெல்டிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ரிவெட் என்றால் டிரில் போட்டு எடுத்துப் பஞ்சை மாற்றலாம். வெல்டிங் என்றால் பஞ்சு தீர்ந்த அன்று சைலன்சரும் தீர்ந்தது. மாற்றும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்; கண்ணாடி இழை தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிப்பு.

அறை வகை. கம்பெனி சைலன்சரின் தத்துவம் இதுதான்: வாயு ஒல்லிக் குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் விரியும்போது ஒலியின் ஒரு பகுதி திரும்பி எஞ்சின் பக்கமே போகும். அறையின் குறுக்குப் பரப்பு குழாயினுடையதைப்போல் 4 மடங்கானால் உச்சக் குறைப்பு ஆறரை டெசிபல், 9 மடங்கானால் 13, 16 மடங்கானால் 18. விட்டம் மூன்று மடங்கானாலே பரப்பு 9 மடங்காகிவிடும் என்பதால் கூடு கொஞ்சம் தடித்தாலும் பலன் பெரிது.

இதில் ஒரு பொறி உண்டு. அறையின் நீளம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும் சுருதியில் அறை இருந்தும் இல்லாததுபோல் ஒலி அப்படியே கடந்துவிடும். 300 மி.மீ. அறைக்கு 400 ஹெர்ட்ஸில் உச்சக் குறைப்பு, 800-இல் பூஜ்யம், 1,600-இலும் பூஜ்யம். இரண்டாவது அறை 190 மி.மீ. என்றால் அதன் ஓட்டைகள் 1,260, 2,520 என்று வேறிடத்தில் விழும். ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்துக்கொள்ளும். நகல் எடுப்பவர்கள் தடுப்புத் தகட்டைச் சரியாக நடுவில் வைத்துவிடுகிறார்கள். இரண்டு அறைகளுக்கும் ஒரே இடத்தில் ஓட்டை, ஒரே சுருதியில் காதைக் கிழிக்கும். லோக்கல் பட்டறையில் சொல்லிச் செய்வதானால் தகட்டை 60:40 போல விலக்கி வைக்கச் சொல்லுங்கள். இன்னும் கறாராகச் செய்யும் கை கிடைத்தால், உள்நுழையும் குழாயை அறை நீளத்தில் பாதிக்கும், வெளியேறும் குழாயைக் கால்வாசிக்கும் உள்ளே நீட்டச் சொல்லலாம். 300 மி.மீ. அறைக்கு 150-உம் 75-உம். குழாய் முனையில் ஒலி சற்று நீண்டு நடப்பதால் இரண்டிலும் சில மி.மீ. குறைத்துக்கொள்ள வேண்டும். பூஜ்யம் விழும் இடங்களில் பெரும்பாலானவை இந்த நீட்டலிலேயே அடைபடும்.

அறை வகையில் சிலர் குழாயின் நுனியை அடைத்து, வாயு முழுவதும் பக்கத் துளைகள் வழியாகவே போகும்படி செய்வார்கள். அருமையான ஒலிக்குறைப்பு, ஆனால் துளைக் கணக்கில் கஞ்சத்தனம் கூடாது. 3 மி.மீ. துளையின் பரப்பு 7 சதுர மி.மீ. 38 மி.மீ. குழாய்க்குச் சமமான வழி வேண்டுமானால் 160 துளைகள். கரி படிவதற்கும் இழப்புக்கும் இடம்விட்டு ஒன்றரை மடங்கு என்றால் 240. அறுபது துளை போட்டு அடைத்த சைலன்சர்கள் கடையில் உண்டு. போட்ட பிறகு வண்டி 70-ஐத் தாண்ட முக்குகிறது என்றால் கார்புரேட்டரை நோண்டும் முன் இதைச் சந்தேகப்படுங்கள்.

கடையில் நின்று அறுத்துப் பார்க்க முடியாதே? தராசு இருந்தால் போதும். 100 மி.மீ. விட்டம், 500 மி.மீ. நீளக் கூடு 1.2 மி.மீ. தகட்டில் செய்தால் வெறும் கூடு மட்டுமே ஒன்றரை கிலோ. 0.8 மி.மீ. தகட்டில் ஒரு கிலோ. மூடி, உள்குழாய், தாங்கி எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோதான் என்று தராசு சொன்னால், 'கனமான தகடு சார்' என்ற பேச்சு பொய். விரல் மூட்டால் தட்டுங்கள்: பஞ்சு நிறைந்தது பொத்தென்று ஒலிக்கும், வெற்றுக் கூடு கணீரென்று மணியடிக்கும்.

எஃகு விஷயத்தில் காந்தத்தை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். காந்தம் ஒட்டாவிட்டால் 304 ரக எஸ்.எஸ். என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். மட்டமான 202 ரகமும் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். கடலோர ஊர்களில் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். எஸ்.எஸ். குழாய் விற்கும் கடைகளில் பேட்டரியோடு கூடிய சொட்டு மருந்துச் சோதனை வைத்திருப்பார்கள், நொடியில் வேறுபாடு தெரியும். மறுபக்கம், காந்தம் ஒட்டினால் உடனே மட்டம் என்று தள்ளவும் வேண்டாம். வாகனக் கம்பெனிகள் பரவலாகப் பயன்படுத்தும் 409 ரகம் காந்தத்தில் ஒட்டும். மேலே லேசாகப் பழுப்பேறினாலும் சூட்டைத் தாங்கி உழைக்கும்.

'குதிரைத்திறன் கூடும்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு மறந்துவிடலாம். 8.5-க்கு 1 கம்ப்ரஷனில் மெதுவாகச் சுழலும் இந்த எஞ்சினில் சைலன்சர் மட்டும் மாற்றினால் ஓட்டத்தில் உணரும்படி எதுவும் கூடாது. எடை குறைவது நிஜம். கலவை மெலிவதும் நிஜம்: கார்புரேட்டர் வண்டியில் புகை வழி திறந்துவிட்டால் காற்று கூடி, பெட்ரோல் விகிதம் குறைந்து, ஸ்பார்க் பிளக் பீங்கான் வெள்ளையடிக்கும், பெண்ட் பைப் குரோம் நீலம் பாயும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றி, மீண்டும் பிளக் நிறம் பார்ப்பது வழி. இளம்பழுப்பு வந்தால் போதும். 2020 ஜனவரியில் வந்த பிஎஸ்6 இன்ஜெக்ஷன் வண்டிகளில் பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருப்பதால் சீரான ஓட்டத்தில் கணினி ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் சென்சாருக்கு முன்னால் எங்காவது இணைப்பு இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவை மெலிந்துவிட்டதாகச் சென்சார் பொய் சொல்லும், கணினி தேவையில்லாமல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறைந்ததற்குச் சைலன்சரைத் திட்டுவதற்கு முன் அந்த கேஸ்கெட்டைப் பாருங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் பட்பட் என்று வெடித்தால் கார்புரேட்டர் வண்டியிலும் முதல் சந்தேகம் அதே கசிவுதான்.

சட்டத்தையும் கடைக்காரர் பாதிதான் சொல்வார். '80 டெசிபல் அப்ரூவ்டு' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கு 80 டெசிபல் என்பது முழு வண்டிக்கான வரம்பு. வண்டி கடந்து போகும்போது 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது. சைலன்சர் துண்டுக்குத் தனியாக அப்படி ஒரு எண் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலி மாசுக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, இரண்டில் ஒன்றோ இரண்டுமோ. மூன்று மாதம் லைசென்சும் போகும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் என்கிறது. மேலே பாராட்டிய இரண்டு வகைகளுக்கும் இது பொருந்தும். சத்தம் குறைவு என்பதாலேயே அனுமதி கிடைத்ததாகாது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள துண்டைக் கழற்றினால் புகைச் சோதனையிலும் மாட்டும்.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முறை: வால் நுனியிலிருந்து அரை மீட்டர், 45 டிகிரி சாய்வில் மீட்டர், வண்டி நின்றபடி 2,625 ஆர்.பி.எம். உச்ச சக்தி வேகத்தில் இது பாதி. செல்போன் செயலி வேண்டாம். இவ்வளவு அருகில் அதன் மைக் திணறி எல்லாச் சைலன்சருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். நிற்கும் வண்டியில் எடுத்த இந்த எண்ணை 80-உடன் ஒப்பிடவும் கூடாது, கம்பெனி சைலன்சரில் அதே இடத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

பொருத்தும்போது நடக்கும் தவறுதான் நல்ல சைலன்சரையும் கெடுக்கிறது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பழைய நட்டுகளுக்குத் துரு எண்ணெய் விட்டுக் காத்திருந்து கழற்றுங்கள். எஞ்சின் ஹெட்டில் நட்டு ஏறும் மரைக்கம்பி (ஸ்டட்) முறிந்தால் சைலன்சர் விலையைவிட லேத் செலவு அதிகமாகும். பெண்ட் பைப்பையும் கழற்றினால் வாய் கேஸ்கெட் புதிது போடுங்கள், பழையது நசுங்கி அச்சு விழுந்திருக்கும். எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் முடுக்கி, சைலன்சர் எங்கும் வலிந்து இழுபடாமல் தானாக உட்காரும் நிலையைப் பிடியுங்கள். பிறகு ஹெட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி: ஹெட் நட், கிளாம்ப், கடைசியாகத் தாங்கி. தாங்கித் துளை 5 மி.மீ. விலகியிருக்கிறதென்று கம்பி போட்டு நெம்பிப் பொருத்தினால் சில மாதத்தில் தாங்கி வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும். துளையை அரத்தால் நீட்டுவதோ வாஷர் கொடுப்பதோ மேல். ரப்பர் புஷ்ஷை மறக்க வேண்டாம். பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் ஒரு சுற்று மறுபடி முடுக்குங்கள்.

வெளிச் சைலன்சர்களில் பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்று உண்டு: வடிகால் துளை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். கடைக்கும் கோயிலுக்குமாக இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் சைலன்சர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும், தண்ணீர் உள்ளேயே தங்கி வயிற்றைத் தின்னும். வண்டியைப் பக்கவாட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, கூட்டின் மிகத் தாழ்ந்த இடத்தைக் குறித்து, 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். அறை வகை என்றால் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று. சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நான்கு சொட்டு கறுப்புத் தண்ணீர் தரையில் விழும். வண்டி நிறுத்துமிடம் டைல்ஸ் போட்டதென்றால் கீழே ஒரு பழைய தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.